பதினொரு அரியர், ஆறாம் பருவம்: இனி எங்கிருந்து தொடங்குவது?

18 பிப்ரவரி 2025 – வாசகர் கேள்வி

ஐயா, என் தம்பி அண்ணா பல்கலைக்கழகத்தோடு இணைந்த ஒரு கல்லூரியில் இயந்திரப் பொறியியல் படிக்கிறான். 2022இல் சேர்ந்தான், இப்போது ஆறாம் பருவம் (செமஸ்டர்) நடக்கிறது. இதுவரை சேர்ந்த அரியர், அதாவது தேறாமல் நிற்கும் தாள்கள், பதினொன்று. பன்னிரண்டாம் வகுப்பு வரை அரசுப் பள்ளியில் தமிழ் வழியில் படித்து, 7.5 சதவீத ஒதுக்கீட்டில் இடம் பெற்றவன். "இவனுக்குக் கணக்கு வராது, திருப்பூருக்கு வேலைக்குப் போகட்டும்" என்று அப்பா சொல்லிவிட்டார். அவனும் வீட்டில் பேசுவதைக் குறைத்துக்கொண்டான். இவன் பட்டம் வாங்க இனியும் வழி இருக்கிறதா, இல்லை நாங்கள்தான் வீணாக நம்பிக்கொண்டிருக்கிறோமா?

19 பிப்ரவரி

வழி இருக்கிறது. இணைப்புக் கல்லூரிகளில் பொறியியல் கணிதம் கற்பித்து வந்தவன் என்ற முறையில் இதைச் சொல்கிறேன். தங்கள் தம்பியின் நிலையில் வந்து பட்டம் பெற்றுச் சென்ற மாணவர்களை நான் பார்த்திருக்கிறேன். அவர்களைவிடக் குறைந்த அரியரோடு காணாமல் போனவர்களையும் பார்த்திருக்கிறேன். இரண்டு வகையினருக்கும் இடையே அறிவில் பெரிய வேறுபாடு இருந்ததாக எனக்கு நினைவில்லை.

முதலில் காலக் கணக்கு. அவருக்குப் பொருந்துவது பல்கலைக்கழகத்தின் 2021ஆம் ஆண்டு ஒழுங்குமுறை, அதாவது படிப்புக்கும் தேர்வுக்குமான விதிகள். அதன்படி நான்காண்டுப் படிப்பை முடிப்பதற்கான உச்ச வரம்பு 14 பருவங்கள், அதாவது சேர்ந்த நாளிலிருந்து ஏழு ஆண்டுகள். 2022இல் சேர்ந்தவருக்கு இந்த வரம்பு 2029 ஏப்ரல்-மே தேர்வு வரை நீள்கிறது. வரவிருக்கும் ஏப்ரல்-மே தேர்வையும் சேர்த்தால் ஒன்பது தேர்வுச் சுற்றுகள் அவருக்கு மிச்சம் இருக்கின்றன. அரியர் இருக்கிறது என்பதற்காக அடுத்த ஆண்டுக்குப் போகவிடாமல் நிறுத்துவதும் இல்லை. பதினொன்று என்ற எண்ணைக் கேட்டு வீடு கலங்குவது இயல்புதான். ஆனால் அந்த எண்ணை மட்டும் வைத்துக்கொண்டு யாரும் எந்த முடிவும் எடுத்துவிடக் கூடாது.

அவரிடமிருந்து ஒரே ஒரு தாள் எழுதி வாங்கி அனுப்புங்கள். ஒவ்வொரு அரியர் பாடத்தின் பெயர், அதில் வாங்கிய இன்டர்னல் மதிப்பெண் (கல்லூரியே வழங்கும் அக மதிப்பெண்), எத்தனை முறை எழுதினார் என்பவை போதும். ஏன் தோற்றாய் என்ற கேள்வியை இப்போதைக்கு யாரும் கேட்க வேண்டாம்.

19 பிப்ரவரி, இரவு

மேலே எழுதியதில் முதலில் கேட்டிருக்க வேண்டியதை இப்போது கேட்கிறேன். அவர் வகுப்புக்குப் போகிறாரா?

அரியரைவிட எனக்கு அச்சம் தருவது வருகைப் பதிவுதான். 75 சதவீதம் இருந்தால் தேர்வெழுதலாம். 65க்கும் 75க்கும் இடையில் இருந்தால் மருத்துவச் சான்று போன்ற காரணங்களைக் காட்டி விலக்குக் கோரலாம். 65க்குக் கீழே போய்விட்டால் அந்தப் பருவத்தின் தேர்வையே எழுத முடியாது. அடுத்த கல்வியாண்டில் திரும்ப வந்து அதே பருவத்தைப் படிக்க வேண்டும். அப்படி நின்ற மாணவர் தன் தோழர்களைவிட ஓராண்டு பின்தங்கி, தெரியாத முகங்களுக்கு நடுவில் வந்து உட்கார வேண்டியிருக்கிறது. பலர் வருவதே இல்லை.

அரியர் கூடக்கூட மாணவர்கள் வகுப்பைத் தவிர்க்கிறார்கள். விடைத்தாள் கொடுக்கும் நாள், இன்டர்னல் மதிப்பெண் வாசிக்கும் நாள் ஆகியவற்றில் தொடங்கி, பிறகு வாரக்கணக்கில் விடுதி அறையிலேயே இருந்துவிடுகிறார்கள். இதைச் சோம்பல் என்று நான் ஏற்பதில்லை. பெரும்பாலும் அது வெட்கம்.

பேசுவதைக் குறைத்துக்கொண்டான் என்று எழுதியிருந்தீர்கள். உறக்கம், உணவு மாறியிருக்கிறதா, நண்பர்களிடமாவது பேசுகிறாரா என்று கவனியுங்கள். "இருந்து என்ன பயன்" என்ற தொனியில் ஒரு சொல் வந்தாலும் படிப்புப் பேச்சை அப்படியே நிறுத்திவிட்டு அவர் அருகிலேயே இருங்கள். அரசின் மனநல உதவிச் சேவையான டெலி மானஸை 14416 என்ற எண்ணில் அழைத்து எந்நேரமும் தமிழிலேயே பேசலாம். இதற்குப் பிறகுதான் மற்றதெல்லாம்.

22 பிப்ரவரி

வருகை 80க்கு மேல் இருக்கிறது என்ற தங்கள் செய்தி பெரிய நிம்மதி. அதைக் காப்பாற்றுங்கள்.

இன்டர்னல் மதிப்பெண்ணை ஏன் கேட்டேன் என்று இன்னொரு வாசகர் வினவியிருக்கிறார். 2017 ஒழுங்குமுறையில் எழுத்துத் தாளுக்கு இன்டர்னல் 20, பல்கலைக்கழகத் தேர்வு 80 என்று இருந்தது. 2021 ஒழுங்குமுறையில் அது 40, 60 என்று மாறிவிட்டது. தேர்ச்சிக்கு இரண்டு நிபந்தனைகள்: பல்கலைக்கழகத் தேர்வில் குறைந்தது 45 சதவீதம், இரண்டும் சேர்ந்து 50. ஒரு மாணவர் இன்டர்னலில் 23 வைத்திருந்தால், நூற்றுக்கு நடக்கும் தேர்வில் 45 வாங்கினால் போதும். அது அறுபதுக்கு 27 ஆக மாறி, இன்டர்னலோடு சேர்ந்து 50 நிறைந்துவிடும். இன்டர்னலில் 14 மட்டுமே வைத்திருப்பவர் அதே தேர்வில் 60 வாங்கியாக வேண்டும். ஒரே பாடம், ஒரே வினாத்தாள். ஆனால் இருவர் ஏற வேண்டிய உயரம் வேறு. இதை அறியாமல், "45 எடுத்தால் பாஸ்" என்று நம்பி 52 வாங்கி மீண்டும் தோற்ற பிள்ளைகள் உண்டு. கடினமாகப் படித்தும் பயனில்லை என்ற எண்ணம் அவர்களுக்குள் உறைந்துபோவது இப்படித்தான்.

இதை வினாத்தாளோடு பொருத்திப் பார்க்க வேண்டும். இரண்டு மதிப்பெண் வினாக்கள் பத்து, 13 மதிப்பெண் வினாக்கள் ஐந்து, 15 மதிப்பெண் வினா ஒன்று. பாடத்தின் ஐந்து யூனிட்டுகளுக்கும் தலா இரண்டு சிறுவினா, ஒரு 13 மதிப்பெண் வினா என்று பங்கிடப்படும். மூன்று யூனிட்டை மட்டும் முழுமையாகப் படித்தவர் எல்லாவற்றையும் பிழையின்றி எழுதினால் 51 கிடைக்கும். "மூன்று யூனிட் படித்தால் போதும்" என்று விடுதிகளில் உலவும் அறிவுரை, இன்டர்னல் 23க்கு மேல் உள்ளவருக்கு ஓரளவு பொருந்தும். 14 வைத்திருப்பவரை அது கவிழ்த்துவிடும். அவர் மீதி இரண்டு யூனிட்டின் சிறுவினாக்களையும், 15 மதிப்பெண் வினாவில் பாதியையாவது கையில் வைத்திருக்க வேண்டும்.

ஆகவே ஒவ்வொரு பாடத்துக்கும் எதிரே "இதில் எனக்குத் தேவை இத்தனை" என்று எழுதிக்கொள்வதே முதல் வேலை. அதற்குப் பிறகே புத்தகம்.

25 பிப்ரவரி

பட்டியல் கிடைத்தது. இதை நான் நெடுநேரம் பார்த்துக்கொண்டிருந்தேன். தங்கள் அப்பாவுக்கும் இதைப் படித்துக்காட்டுங்கள்.

முதல் பருவக் கணிதம், பொறியியல் இயற்பியல், இன்ஜினியரிங் கிராஃபிக்ஸ், மூன்றாம் பருவக் கணிதம், இன்ஜினியரிங் மெக்கானிக்ஸ், தெர்மோடைனமிக்ஸ், ஃப்ளூயிட் மெக்கானிக்ஸ், ஸ்ட்ரெங்த் ஆஃப் மெட்டீரியல்ஸ், தியரி ஆஃப் மெஷின்ஸ், தெர்மல் இன்ஜினியரிங், டிசைன் ஆஃப் மெஷின் எலிமென்ட்ஸ். பார்ப்பதற்குப் பதினொரு தோல்விகள். ஆனால் மெக்கானிக்ஸில் ஒரு பொருளின் மீது செயல்படும் விசைகளைப் பிரித்து வரையத் தெரியாதவருக்கு, ஸ்ட்ரெங்த்தில் பீமின் மீது வளைதிருப்புத்திறன் கணக்கிட வராது. ஸ்ட்ரெங்த் வராதவருக்கு டிசைனில் தண்டின் விட்டம் கண்டுபிடிக்க வராது. தியரி ஆஃப் மெஷின்ஸும் அதே இடத்தில்தான் இடறும். ஆக நான்கு அரியருக்கு வேர் ஒன்று. தெர்மோடைனமிக்ஸின் முதல் விதியைக் கணக்கில் கையாளத் தெரியாததால் தெர்மல் இன்ஜினியரிங் போயிற்று. இந்தப் பருவத்து ஹீட் டிரான்ஸ்ஃபரும் அதே வழியில் போகும் அபாயம் இருக்கிறது. இரண்டு கணிதத் தாள்களும் ஒரே குறையின் இரண்டு முகங்கள்.

அந்தக் குறை எதுவென்றும் எனக்கு ஊகம் உண்டு. மூன்றாம் பருவக் கணிதத்தில் ஃபூரியர் தொடரில் தோற்ற மாணவர்களைக் கரும்பலகைக்கு அழைத்து எழுதச் சொன்னால், தொடரின் வாய்பாட்டைச் சரியாகவே எழுதுவார்கள். அடுத்த வரியில் எக்ஸையும் கொசைன் என்எக்ஸையும் பெருக்கித் தொகையிட வேண்டிய இடத்தில் கை நின்றுவிடும். அது பொறியியல் கணிதம் அன்று, மேல்நிலைப் பள்ளிக் கணிதம். இத்தகைய தொகையீட்டுக்கான பெர்னூலி சூத்திரத்தை ஒரு வாரம் கையால் பழகினால் தீரும் குறைக்கு, "கணக்கு வராது" என்ற பட்டத்தை வீடும் கல்லூரியும் சேர்ந்து சூட்டிவிடுகின்றன. அவருக்குக் கணக்கு வராமல் இல்லை. இரண்டு மூன்று இடங்களில் பாதை உடைந்திருக்கிறது.

25 பிப்ரவரி, சற்று நேரத்துக்குப் பின்

லேட்டரல் என்ட்ரி மாணவர்கள் பற்றிக் கேட்ட வாசகருக்கு: டிப்ளமோ முடித்து நேராக இரண்டாம் ஆண்டில் சேர்பவர்கள் முதலாண்டுக் கணிதத் தாள்கள் இரண்டையும் இங்கே படிப்பதில்லை. வந்ததும் மூன்றாம் பருவக் கணிதத்தை எதிர்கொள்கிறார்கள். பணிமனையிலும் வரைபடத்திலும் மற்றவர்களைவிடத் தேர்ந்த கை அவர்களுடையது. கணிதத்தில் மட்டும் அடித்தளம் இல்லாமல் நிற்கிறார்கள். அவர்களுக்கு உச்ச வரம்பு 12 பருவங்கள். சேரும் முன் கிடைக்கும் விடுமுறையில் வகையீடும் தொகையீடும் பழகிக்கொண்டு வருவது பாதி வேலையை முடித்துவிடும்.

1 மார்ச்

தமிழ் வழியில் படித்தவர் என்பதைத் தாங்கள் ஒரு குறைபோல எழுதியிருந்தீர்கள். நான் அப்படிக் கருதவில்லை. 2010இலேயே கட்டடப் பொறியியலும் இயந்திரப் பொறியியலும் தமிழ் வழியில் தொடங்கப்பட்டன; பொறியியலைத் தமிழில் சிந்திக்க முடியும் என்பதில் ஐயமில்லை. ஆங்கில வழியில் தேர்வெழுதும் மாணவருக்குச் சிக்கல் வருவது பெரும்பாலும் இரண்டு இடங்களில்: வகுப்பில் எழுந்து கேள்வி கேட்பதில், இரண்டு மதிப்பெண் வினாவுக்கு விடை வாக்கியம் அமைப்பதில். கணக்குப் போடும் பகுதியில் மொழி அவ்வளவாகத் தடுப்பதில்லை. எனவே சிறுவினாக்களுக்கு மட்டும் விடைகளைத் தன் சொந்தச் சிறு வாக்கியங்களில் ஒரு நோட்டில் எழுதி, உரக்கப் படித்துப் பழகட்டும். கருத்தைத் தமிழில் புரிந்துகொண்டு, இந்த வாக்கியங்களை மட்டும் ஆங்கிலத்தில் பயிலும் மாணவர் தடுமாறுவதில்லை. கைடிலிருந்து மனப்பாடம் செய்பவர் ஒரு சொல் மறந்தாலும் முழு விடையையும் விட்டுவிடுகிறார்.

ஆசிரியரிடம் தமிழில் ஐயம் கேட்கலாமா என்று அவர் தயங்குகிறாராம். தாராளமாகக் கேட்கலாம். அதற்கு முகம் சுளிக்கும் ஆசிரியர் இருந்தால், சுளிக்காத இன்னொருவர் அதே துறையில் இருப்பார்.

4 மார்ச்

"அரசு மறுபடியும் ஆல் பாஸ் போடும், காத்திருங்கள்" என்று ஒருவர் எழுதியிருக்கிறார். இதை மறுக்காமல் விட முடியாது.

2020 ஆகஸ்டில் கொரோனாக் காலத்தில், தேர்வுக் கட்டணம் செலுத்தியிருந்த அரியர் மாணவர்கள் தேர்ச்சி பெற்றதாகத் தமிழக அரசு அறிவித்தது உண்மை. இறுதிப் பருவத் தாள்களுக்கு அது பொருந்தவில்லை. அகில இந்தியத் தொழில்நுட்பக் கல்விக் குழு (ஏ.ஐ.சி.டி.இ.) அதை ஏற்கவில்லை. வழக்குச் சென்னை உயர் நீதிமன்றத்துக்குப் போய், அரியர் தேர்வு ரத்தை ஏற்க முடியாது, தேர்வு நடத்த வேண்டும் என்று 2021இல் முடிந்தது. இடைப்பட்ட மாதங்களில் புத்தகத்தை மூடிவைத்த பிள்ளைகள் பட்ட துன்பத்தை அருகிலிருந்து கண்டவன் நான். ஏழாண்டு வரம்பைத் தாண்டிய பழைய மாணவர்களுக்கு, 2001-02இல் சேர்ந்தவர்கள் வரை, பல்கலைக்கழகம் சிறப்பு வாய்ப்புகள் தந்ததும் உண்மையே; கூடுதல் கட்டணம் கட்டி எழுதித் தேறியவர்களும் உண்டு. ஆனால் அது எப்போது வரும் என்று யாரும் சொல்ல முடியாது. அதை நம்பி ஒரு பிள்ளையைக் காத்திருக்கச் சொல்வது தவறு.

8 மார்ச்

தனிப் பயிற்சி மையத்தில் பணம் கட்டிச் சேர்க்கலாமா என்ற கேள்விக்குச் சற்று விரிவாகவே பதில் சொல்ல வேண்டியிருக்கிறது.

அமெரிக்காவில் பெர்க்லி பல்கலைக்கழகத்தில் யூரி ட்ரெய்ஸ்மன் என்னும் கணித ஆசிரியர் 1970களில் ஒன்றைக் கவனித்தார். நுண்கணிதத்தில் தோற்ற கறுப்பின மாணவர்கள் உழைக்காதவர்கள் அல்லர். தனித்தனியே உட்கார்ந்து நெடுநேரம் படித்தவர்கள். நன்றாகத் தேறிய சீன வம்சாவளி மாணவர்கள் கூடி உட்கார்ந்து, ஒருவர் விடையை ஒருவர் சரிபார்த்து, ஆசிரியர் என்ன எதிர்பார்க்கிறார் என்பதைத் தங்களுக்குள் பேசிக்கொண்டவர்கள். அவர் கடினமான கணக்குகளைக் கொடுத்துக் குழுவாகப் போடும் பட்டறைகளை அமைத்தார். முன்பு தோற்றுக்கொண்டிருந்த பிரிவினரின் தேர்ச்சி வெகுவாக உயர்ந்தது. அதே காலத்தில், 1973இல், மிசௌரி-கான்சஸ் சிட்டி பல்கலைக்கழகத்தில் டியானா மார்ட்டின் தொடங்கிய துணைக் கற்பித்தல் முறை, மந்தமான மாணவர் யார் என்று தேடாமல், அதிகம் பேர் தோற்கும் பாடம் எது என்று தேடியது. அந்தப் பாடத்தை முன்பே தேறிய மூத்த மாணவர் ஒருவர், விரும்பும் எல்லோருக்கும் வாரந்தோறும் கூட்டம் நடத்துவார். வருபவர் மீது எந்த முத்திரையும் விழாது.

நம் கல்லூரிகளில் நடப்பது நேர்மாறானது. அரியர் உள்ளவர்களின் பெயரை வகுப்பில் வாசித்து, மாலை நான்கு மணிக்கு மேல் ஓர் அறையில் உட்காரவைத்து, வினா-விடைகளைப் பத்து முறை எழுதி வரச் சொல்கிறார்கள். நான் பணியாற்றிய ஓரிடத்திலும் இதுவே வழக்கம். அந்த அறைக்குள் போகும் பிள்ளை யாரும் தலை நிமிர்ந்து போனதில்லை. பிறகு நானும் ஓர் இளைய ஆசிரியரும் சேர்ந்து அந்த அறையில் ஒரு மேசைக்கு நான்கு பேர் என்று உட்காரவைத்து, ஒரு மேசைக்கு ஒரு பழைய வினாத்தாள், ஒரு சாக்பீஸ் என்று கொடுத்தோம். அந்தத் தாளைச் சென்ற முறை எழுதித் தேறிய ஒருவரை ஒவ்வொரு மேசையிலும் சேர்த்தோம். ஆசிரியர் சொன்னால் தலையாட்டும் பிள்ளைகள், தோழன் சொன்னால் "இந்த வரி எப்படிடா வந்தது?" என்று கேட்டார்கள். அந்தக் கேள்வி வாயிலிருந்து வந்துவிட்டால் எனக்குக் கவலை குறைந்துவிடும்.

ஆகவே பயிற்சி மையத்துக்குச் செலவிடும் முன், தங்கள் தம்பி அதே பாடத்தில் அரியர் வைத்திருக்கும் இரண்டு மூன்று பேரையும், தேறிய ஒருவரையும் சேர்த்து ஒரு மேசையைப் பிடிக்கட்டும். வகுப்பு ஆலோசகரிடம் கேட்டால் அறை கிடைக்கும். அது அமையாவிட்டால் மட்டும் மையம்.

9 மார்ச்

உடன் பணியாற்றும் ஆசிரியர்களுக்கு ஒரு வேண்டுகோள். ஒழுங்குமுறையிலேயே ஆசிரிய ஆலோசகரும் வகுப்புக் குழுவும் இருக்கின்றன. முதல் பருவத்தின் முதல் இன்டர்னல் தேர்வில் கணிதத்தில் தவறிய பெயர்களை அந்த வாரமே எடுத்து, ஒவ்வொருவரிடமும் தனியே பேசினால், நான்காம் ஆண்டில் நாம் திணறும் பட்டியலில் பெரும்பகுதி உருவாகவே உருவாகாது. வேலை மிகுதி என்பது தெரியும். 20 மாணவர்களுக்கு ஓர் ஆசிரியர் என்பது காகிதத்தில்தான். இருந்தும் இந்த ஒரு வாரத்தை விட்டுவிட்டால் பின்னால் எத்தனை வகுப்பு எடுத்தும் ஈடாகாது.

13 மார்ச்

அப்பாவிடம் பேசியதில் அவர் இன்னும் "வேலைக்குப் போகட்டும்" என்றே நிற்பதாக எழுதியிருக்கிறீர்கள். அவரைக் குறை சொல்ல எனக்கு மனம் வரவில்லை. கூலிக்குப் போய் வளர்த்தவருக்கு மகன் வெறுங்கையோடு நின்றுவிடுவானோ என்ற பயம் இருக்கும். ஆனால் அவர் அறிய வேண்டிய ஒரு வேறுபாடு உண்டு. எட்டுப் பருவங்களின் வருகையையும் முடித்துவிட்டு வெளியேறும் மாணவர், வேலைக்குப் போய்க்கொண்டே நவம்பர்-டிசம்பரிலும் ஏப்ரல்-மேயிலும் வந்து மீதித் தாள்களை எழுதலாம். ஆறாம் பருவத்தின் நடுவில் நின்றுவிடுபவருக்கு அந்த உரிமை இல்லை. திரும்பி வந்து விட்ட இடத்திலிருந்து வகுப்பில் உட்கார்ந்தாக வேண்டும். இன்னும் ஓராண்டும் சில மாதங்களும் பொறுத்தால், வேலையும் பட்டமும் இரண்டுமே கைக்கு எட்டும் தூரத்தில் இருக்கும். 7.5 சதவீத ஒதுக்கீட்டில் வந்தவர் என்பதால் கல்விக் கட்டணத்தையும் விடுதிக் கட்டணத்தையும் அரசே ஏற்கிறது; 2024இல் தொடங்கிய தமிழ்ப் புதல்வன் திட்டத்தில் மாதம் 1,000 ரூபாயும் வர வேண்டும். அது வருகிறதா என்று பாருங்கள், வரவில்லையென்றால் கல்லூரி அலுவலகத்தில் கேளுங்கள்.

முதல் வகுப்பு கிடைக்குமா என்று தம்பி கேட்டதாகச் சொன்னீர்கள். அந்தக் கேள்வி எனக்கு மகிழ்ச்சி தந்தது. ஐந்து ஆண்டுகளுக்குள், அதாவது அவருக்கு 2027க்குள், எல்லாத் தாள்களையும் முடித்து, சி.ஜி.பி.ஏ. (ஒட்டுமொத்தத் தரப்புள்ளிச் சராசரி) 6.5 இருந்தால் கிடைக்கும்.

20 மார்ச்

தேர்வுக்கான திட்டம். ஏப்ரல்-மேயில் மூன்று அரியர் தாள்களுக்கு மட்டும் தயாராகட்டும்: முதல் பருவக் கணிதம், மெக்கானிக்ஸ், இயற்பியல். முதல் இரண்டும் வேர்கள். மூன்றாவது எதையும் தாங்காத தனித் தாள், ஆனால் இன்டர்னல் 29 இருப்பதால் 45 வாங்கினால் தேறிவிடும். ஒரு தாளிலாவது தேறிவிட்டோம் என்ற செய்தி அவருக்கு இப்போது மிகவும் தேவை. டிசைனும் தெர்மலும் நவம்பருக்கு மேல் பார்த்துக்கொள்ளலாம். இந்தப் பருவத்துப் பாடங்களில் புதிய அரியர் விழாமல் காப்பதே இவை எல்லாவற்றையும்விட முக்கியம். பழைய தாளுக்காகப் புதிய தாளைப் பட்டினி போடும் மாணவர், தன் அரியர் எண்ணிக்கையைக் குறைத்ததாக நான் கண்டதில்லை. ஆகவே காலை நேரம் நடப்புப் பாடத்துக்கு, மாலை மேசை அரியருக்கு.

23 மார்ச்

முந்தைய குறிப்பை மறுபடி யோசித்தேன். பதினொன்றுக்கும் கட்டணம் கட்டியாகிவிட்டதால் மற்ற எட்டையும் எழுதலாமே என்று சிலர் கேட்கிறார்கள். தயாராகாத தாளை எழுதப் போய், அரை மணி நேரத்தில் எழுந்து வருவது மாணவரின் மனத்தை அரிக்கிறது. அதனால்தான் மூன்று என்றேன். ஆனால் கிராஃபிக்ஸ் மட்டும் விதிவிலக்காக இருக்கட்டும். அது கையால் வரைந்து பழகுவது, மனத்தைக் களைப்படைய வைக்காது. இரவில் ஒரு படம் என்று வரைந்தால் அதையும் நான்காவதாக எழுதலாம். இடைவெளியில்லாமல் அடுத்தடுத்த நாள்களில் தேர்வு விழுந்தால் நடப்புப் பாடத்தின் பக்கமே நிற்கட்டும்.

முடிவு வந்ததும், நான்கில் எது தவறினாலும், உடனே ரீவேல்யூவேஷனுக்கு (மறுமதிப்பீட்டுக்கு) பணம் கட்ட வேண்டாம். முதலில் விடைத்தாள் நகல் வாங்கி, அந்தப் பாட ஆசிரியரிடம் காட்டட்டும். எந்த யூனிட்டில் எத்தனை மதிப்பெண் போயிற்று என்பது அதில் தெரியும். அதைக் குறித்து இங்கே எழுதுங்கள். நவம்பர் தேர்வுக்கு எந்தத் தாள்கள் என்று அப்போது முடிவு செய்வோம்.